ஸ்பீக்கர் பெட்டியில் மணல்

அந்த அதிகாரி பெட்டியை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார், தேங்காய் வாங்குகிறவர் தட்டுவதுபோல. பிறகு குனிந்து அதில் காதை வைத்தார்.

எல்லைக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு சோதனைச் சாவடி. ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூருக்கே உரிய குளிர் இன்னும் விடவில்லை. லக்கேஜ் ஆட்டோவின் பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் பழைய போர்வையில் சுற்றிக் கிடந்தன. நடுவில் பால்பாண்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கையைப் போட்டு, அண்ணன் தம்பிக்கு நடுவே உட்கார்ந்த தகப்பன் மாதிரி இருந்தான். நான் ஓட்டுநரின் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டபடி.

“பில் எங்கப்பா?” என்றார் அதிகாரி.

“பில்லு கிடையாது சார். வீட்டுல செஞ்சது.”

“யாரு செஞ்சது?”

“நான்தான் செஞ்சேன்.”

அவர் போர்வையை முழுதாக விலக்கினார். பாலிஷில் அவருடைய தொப்பியும் மூக்கும் தெரிந்தன. “இத நீ செஞ்ச?” என்றார். பாராட்டுபோலத் தொடங்கிய கேள்வி முடியும்போது குற்றச்சாட்டாகியிருந்தது.

பல ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் இது. கோணல்மாணலாக ஆணியடித்து, பெயிண்ட் வழிய ஒரு பெட்டியைக் கொண்டுபோயிருந்தால், போ போ என்று கையசைத்திருப்பார்கள். ஒழுங்காகச் செய்த பொருள் கடையிலிருந்துதான் வர வேண்டும். ஒழுங்காகச் செய்கிறவன் கையில் பில் இருக்க வேண்டும். ஒரு தொழிற்பேட்டை ஊரின் வாசலில் நின்றுகொண்டு இப்படி நம்பினார்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைந்து தள்ளும் ஊர் அது.

பக்கத்துப் போர்ஷன்

பால்பாண்டி எங்கள் வரிசை வீட்டில் அடுத்த போர்ஷன்காரன். திருநெல்வேலிக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமம். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷினில் நின்றான். ஒப்பந்தத் தொழிலாளி.

ஒப்பந்தம் என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரம் கேட்கும் தகுதி வருவதற்குச் சற்று முன்னால் ஆளை நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் வேறொரு ஒப்பந்தக்காரரின் பெயரில் அதே மெஷின் முன்னால் வந்து நிற்பான். மெஷினுக்கு ஆளைத் தெரியும். அலுவலகத்துக்கு அவன் ஒவ்வொரு முறையும் புது ஆள். அந்த ஆண்டு நிறுத்தும்போது திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று தொழிற்சாலைக்குள் பேச்சு இருந்தது.

வீட்டுக்காரர் முனியப்பா உள்ளூர் விவசாயி. ரோஜாவும் முட்டைக்கோசும் போட்ட நிலத்தின் ஓரத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மனைவியிடம் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மாட்டிடம் பேசும்போதுதான் குரல் இளகும்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் ஓசூர்ச் செய்தியாளர். ராயக்கோட்டையில் தக்காளி விலை சரிந்து சாலையில் கொட்டினால் நான் போக வேண்டும். யானை வந்தாலும் நான்தான்.

பால்பாண்டியிடம் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. பெங்களூரில் இருக்கும் எந்த சவுண்டு கடையிலும் தன்னுடையதுபோல ஒரு பெட்டி இல்லை என்று, எந்தக் கடைக்குள்ளும் போகாமலே சொல்வான். “அண்ணாச்சி, நீங்க கேக்குறது பாட்டு இல்ல, பாட்டோட எச்சி. எம் பெட்டியில ஒரு நாள் கேளுங்க, அப்புறம் உங்க ரேடியோவத் தூக்கி முனியப்பா மாட்டுக்கு மணியாக் கட்டிருவீங்க” என்றான் ஒருமுறை. என் மனைவி சிரித்தாள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை; அந்த ரேடியோ என் மாமனார் கொடுத்தது.

ஆனால் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சந்தாபுராவில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர், பால்பாண்டி நண்பனுக்குச் செய்துகொடுத்த சின்னப் பெட்டி ஒன்றைக் கேட்டுவிட்டு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய அளவில் ஒரு ஜோடி செய்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. பிடித்திருந்தால் விநாயகர் சதுர்த்திக்கு வேண்டிய பெட்டி எல்லாம் உன்னிடம்தான். கடைக்குப் பின்னால் ஷெட் இருக்கிறது, அங்கேயே இருந்து செய். இதுதான் அவர் சொன்னது.

மெஷின் முன்னால் புது ஆளாக நிற்பதிலிருந்து தப்ப அவனுக்கு இருந்த ஒரே வழி அந்த ஜோடி.

ஊதுபத்தியும் வறுத்த மணலும்

பலகை, இறக்குமதி மெஷின்கள் வந்த பெட்டிகளைப் பிரித்து விற்கும் பழைய மரக்கடையிலிருந்து வந்தது. கனமான, உள்ளே ஓட்டை விழாத பிளைவுட். “வெளிநாட்டுக்காரன் மெஷினப் பொதிய வச்ச பலகை அண்ணாச்சி, நம்மூர்ல பீரோவுக்குக் கூட இது கிடைக்காது” என்று ஒவ்வொரு பலகையையும் முகர்ந்து பார்த்து எடுத்தான்.

அறுப்பது மொட்டைமாடியில். கீழ்ச் சத்தம் எழுப்பும் ஊஃபர் உட்காரும் வட்டத்தை அவன் வெட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆணி, ஒரு கட்டை, கட்டையின் நுனியில் பென்சில். கோட்டின் உள்விளிம்பில் ரம்பத்தை ஓட்டி, மிச்சத்தை உப்புத்தாள் சுற்றிய குழாயால் தேய்த்து எடுத்தான். ஊஃபரை வைத்தபோது சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

மூலைகளுக்கு மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசினான். பெட்டிக்குள் காற்று போகவும் கூடாது, வரவும் கூடாது. எங்காவது கசிந்தால் கீழ்ச் சத்தம் இளைத்துவிடும் என்றான். அதைச் சோதிக்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஒரு கையால் ஊஃபரின் காகிதத்தை மெல்ல அமுக்கிக்கொண்டு, மறு கையால் பத்தியை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துவான். புகை நேராக எழுந்தால் சரி. நெளிந்தால் அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தவனைப் பார்த்துவிட்டு முனியப்பாவின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார். எந்தச் சாமி என்று என்னிடம் தெலுங்கில் கேட்டார்.

அடுத்ததுதான் மணல்.

பெட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தனி அறை வைத்து, அதில் மணலை நிரப்பி, மேலேயும் கீழேயும் பலகையால் ஒட்டி மூடினான். எதற்கு என்று கேட்டதற்கு, தொழிற்சாலை மெஷினை உதாரணம் காட்டிப் பேசினான். “எங்க மெஷினுக்குக் கீழ கான்கிரீட்டு எதுக்குப் போட்டிருக்கான்? மெஷினு ஆடுனா அதுல மாட்டுன ஜாப்பு ஆடும். பெட்டி ஆடுனா பாட்டு ஆடும். அம்புட்டுதான் விஷயம்.”

மணல் முனியப்பாவின் தம்பி வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கியது. ஈரமாக அடைத்தால் பலகை ஊதிவிடும். அதனால் என் வீட்டு அடுப்பில், கடலை வறுக்கிறவர் மாதிரி, இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தான். அந்த வாரம் எங்கள் வீட்டுத் தோசை நறநறத்தது. என் மனைவி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சட்டியை அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

கடைசியாக பாலிஷ். உப்புத்தாளில் மூன்று பருமன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்து, எழுந்த நாரை மறுபடி தேய்ப்பது. அவல் போலிருக்கும் அரக்குத் துகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, சுற்றிச் சுற்றிப் பூசுவது. ஓசூர்த் தூறலுக்கு இது பகை. காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு முறை பூத்தது. இரண்டு முறையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முதலிலிருந்து தொடங்கினான். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிடாமல், வானத்தைப் பார்த்து நிற்பான். மேகம் விலகினால்தான் துணியைத் தொடுவான்.

முடிந்த பெட்டிகளில் பாட்டு வைத்தபோது முனியப்பா தோட்டத்திலிருந்து எழுந்து வந்தார். வாசலில் நின்று கேட்டார். வால்யூமைக் கூட்டச் சொன்னார். அந்த வரிசை வீடுகளின் சரித்திரத்தில் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டச் சொன்னது அன்றுதான்.

நல்லபடியாக ஒரு கேள்வி

சாவடிக்குத் திரும்புகிறேன்.

பில் விவகாரம் முற்றியபோது நான் இறங்கி என் அடையாள அட்டையைக் காட்டினேன். அதிகாரி அதை இருபுறமும் பார்த்தார். குரல் உடனே மாறியது. “சார், முன்னாடியே சொல்றதில்லையா? நம்ம ஆளுங்க” என்றார். போர்வையைத் தானே இழுத்து மூடினார். ஓட்டுநர் வண்டியை முடுக்கப் போனார்.

அப்போது அவர் நல்லபடியாகத்தான் கேட்டார், பேச்சுத் துணைக்குக் கேட்பதுபோல. “ஏம்பா, என்னா இவ்ளோ கனம் கனக்குது?”

பால்பாண்டி அதற்காகத்தான் காத்திருந்தான். தன் பெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டால் ‘சும்மாதான் சார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவனா அவன்?

“அதுலதான் சார் ரகசியமே இருக்கு. அடியில பூரா மணல் அடைச்சிருக்கேன். நயம் ஆத்து மணல், சலிச்சு வறுத்தது. இந்த ஐடியா பெங்களூர்ல எவனுக்கும் தெரியாது.”

அதிகாரியின் கை போர்வையின் மேல் நின்றுவிட்டது.

“மணலா?”

“ஆமா சார்.”

“பெங்களூருக்கா?”

அந்த நாட்களில் நம் ஆறுகளின் மணல் எல்லை தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. பெங்களூரில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நம் மணல் போய்க்கொண்டிருந்தது. எப்படிப் போனது என்று சாலையைப் பார்த்தாலே தெரியும். மழையில்லாத நாளில், தார்ச்சாலையின் இடப்பக்கம், எல்லை வரைக்கும் இரண்டு ஈரக் கோடுகள். தார்ப்பாய் போட்ட லாரிகளிலிருந்து சொட்டிய ஆற்றுநீர். நான் அதைப் பற்றி இரண்டு முறை செய்தி எழுதி அனுப்பியிருந்தேன். ஆதாரம் வேண்டும் என்று அலுவலகத்தில் நிறுத்திவைத்தார்கள். ஈரக் கோட்டின் புகைப்படத்தை அனுப்பினேன். தண்ணீர் லாரியாகக்கூட இருக்கலாமே என்றார்கள்.

எந்த வடிவத்தில் போனாலும் மணல் மணல்தான் என்று அதிகாரி இப்போது விளக்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி வந்தது. தார்ப்பாய் இறுகக் கட்டியிருந்தது, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. காவலாளி தடுப்புக் கட்டையைத் தூக்கினார். லாரி நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஒரு சொட்டு என் செருப்பில் விழுந்தது.

“அதுல என்ன சார் போகுது?” என்று கேட்டேன்.

“அதுக்கு பேப்பர் இருக்குது” என்றார், லாரியைப் பார்க்காமலே.

நாங்கள் திரும்பிப் போகிறோம் என்றேன். மணலோடு திரும்பிப் போவதற்கும் அனுமதி வேண்டுமாம். ஒன்று, பெட்டிகளை இங்கேயே விட்டுவிட்டு வழக்கைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மணலைக் கொட்டிவிட்டுப் போகலாம். அதுவும் பத்திரிகைக்காரர் கூட வந்ததால் செய்கிற சலுகை. எனக்கு அவமானமாக இருந்தது, அந்தச் சலுகைதான்.

கொட்டுவதற்கு வாய் கிடையாது. வாய் வைக்காமல் மூடியதில்தான் பால்பாண்டியின் பெருமை முழுவதும் இருந்தது. காவலாளி ஒரு கடப்பாரையோடு வந்தார்.

சிவப்பு வாளி

“நீங்க தொடாதீங்க” என்றான் பால்பாண்டி. அவன் அதுவரை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆட்டோ ஓட்டுநரிடம் டயர் கழற்றும் பட்டையை வாங்கினான். போர்வையைத் தரையில் விரித்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் கவிழ்த்தான். பாலிஷ் உரசக் கூடாதாம். எந்த இணைப்பில் பசை குறைவாக இருக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். அங்கே பட்டையின் நுனியைச் செருகினான். பலகை முதலில் அசையவில்லை. பிறகு காய்ந்த மட்டை கிழிவதுபோல ஒரு சத்தம். உள்பக்கப் பலகையில், மெஷின் வந்த நாட்டில் அச்சடித்த ஒரு குடைப் படமும் ஒரு கண்ணாடிக் கோப்பைப் படமும் தெரிந்தன. நனைக்காதே, உடைக்காதே.

மணலை எங்கே கொட்டுவது என்று கேட்டான். சாவடிச் சுவரில் தீயணைப்புக்கென்று சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. மணல் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே பீடித் துண்டுகள்தான் இருந்தன. “அதுல போடு” என்றார் அதிகாரி. பால்பாண்டி பீடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு பெட்டிகளிலும் இருந்த வறுத்த மணலைக் கையால் அள்ளிப் போட்டான். முதல் வாளி நிறைந்தது. இரண்டாவது பாதி வந்தது. சட்டவிரோத மணலைத் தடுக்க நின்ற சாவடிக்கு அன்றுதான் தீயணைப்பு மணல் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அதற்குள் இன்னும் இரண்டு லாரிகள் போயின.

சந்தாபுராவுக்குப் போனோம். கடைக்காரர் மரியாதையானவர்; கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். மேல்சத்தத்துக்குத் தலையை ஆட்டினார். தபலா வந்ததும் கண்ணைத் திறந்தார். பிடுங்கிய பலகை அடியில் நடுங்கி ஈயைப் போல இரைந்தது. பெட்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் நகர்ந்தது.

நடந்ததைச் சொன்னோம். அவர் நம்பினார். “நல்லா சரி பண்ணிட்டு அடுத்த வாரம் எத்திட்டு வா பாண்டி. நான் வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றார்.

திரும்பும்போது பால்பாண்டி பழையபடி பேசத் தொடங்கிவிட்டான். இந்த முறை மணலுக்குப் பதில் கருங்கல் பலகை. அதற்கு எந்த விதியும் கிடையாது. ஓசூரில் கல்லுக்கா பஞ்சம் என்றான். நான் சிரித்தேன்.

இருவர் சிக்கினர்

செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் எங்கள் பத்திரிகையை விரித்தேன். மாவட்டப் பக்கத்தில், கட்டம் கட்டிய செய்தி.

‘ஸ்பீக்கர் பெட்டிகளில் நூதன முறையில் மணல் கடத்தல்: இருவர் சிக்கினர்.’

எல்லையில் அதிகாரிகள் தீவிர வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்தனராம். அப்போது சந்தேகத்துக்கு இடமான வகையில் வந்த சரக்கு ஆட்டோவை மடக்கினராம். ஸ்பீக்கர் பெட்டிகளில் ரகசிய அறை அமைத்து, மணலை மறைத்துக் கடத்தியது தெரியவந்ததாம். ஓசூரைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி உள்ளிட்ட இருவரும் எச்சரித்து அனுப்பப்பட்டனராம். மணல் பறிமுதல் செய்யப்பட்டதாம்.

அந்த இருவரில் ஒருவன், செய்தி வந்த பத்திரிகையின் ஓசூர்ச் செய்தியாளன்.

அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி ஆசிரியர் எனக்கு வேண்டியவர். சாவடி அதிகாரிகளின் துறையிலிருந்து நேராக ஃபோனில் சொன்னார்கள், எழுதிப் போட்டோம் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஊரில் இல்லையே என்றார். நான் எங்கே இருந்தேன் என்பதைத்தான் அவர் அச்சடித்திருந்தார்.

மறுப்பு போடச் சொன்னேன்.

“பேர் போடலையே. உனக்கென்ன நஷ்டம்?” என்றார். அதற்குப் பிறகு, தணிந்த குரலில், “மறுப்பு போட்டா நாளைக்கு அங்க இருந்து ஒரு நியூஸ் வராதுப்பா. உனக்குத் தெரியாததா?”

தெரியும். லாரிகளைப் பற்றி எழுதினால் ஆதாரம் வேண்டும். ஆட்டோவைப் பற்றி எழுத ஒரு ஃபோன் போதும். எங்கள் தொழில் நடந்த விதம் அதுதான். யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. மறுப்பு கடைசிவரை வரவில்லை.

சந்தாபுராவில் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர்கள் நிறைய. புதன்கிழமை பால்பாண்டி, முனையில் இருந்த ஒரு ரூபாய் ஃபோனிலிருந்து கடைக்காரரைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். கருங்கல் வாங்கியாயிற்று, சனிக்கிழமையே கொண்டுவருகிறேன் என்று தொடங்கினான். மறுமுனையில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“பேடப்பா. கேஸு கீஸு நமக்கு வேணாம். கடைக்கு போலீஸ் வந்தா நான் என்ன சொல்றது?”

பேசி முடியவில்லை, நாணயத்துக்கான நேரம் முடிந்து பீப் என்றது. அவன் இன்னொரு நாணயம் போடவில்லை.

அந்த மாதம் ஒப்பந்தம் முடிந்தது. பேச்சு இருந்ததுபோலவே திரும்ப எடுக்கவில்லை. பால்பாண்டி ஊருக்குக் கிளம்பினான். பெட்டிகளை முனியப்பா கேட்டார், கொடுக்கவில்லை. நான் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. பஸ்ஸின் மேலே ஏற்றி, தானே கூரையில் ஏறிக் கட்டினான்.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அந்தச் செய்தித் துண்டை எடுத்தான். மடித்து வைத்திருந்தான். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இதுல தேதி போட்டிருக்கு, இடம் போட்டிருக்கு, ரகசிய அறைன்னு போட்டிருக்கு. எவ்வளவு மணலுன்னு மட்டும் ஏன் போடல?”

எடை, அளவு, எண்ணிக்கை இல்லாமல் பறிமுதல் செய்தி எழுதக் கூடாது. பயிற்சிக்கு வருகிறவனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது அது. எழுதியவருக்கும் தெரியும், ஃபோனில் சொன்னவருக்கும் தெரியும். போட்டிருந்தால் அது செய்தியாகவே இருந்திருக்காது.

நான் பதில் சொல்வதற்குள் நடத்துநர் விசிலடித்துவிட்டார். இப்போது சொல்கிறேன், தம்பி. இதே பத்திரிகையில் அல்ல. அங்கே இன்னும் இடமில்லை. இங்கே, என் பெயரில்: ஒன்றரை வாளி.